அப்பா சொல்லாத ஒன்பது கடிதங்கள்

நான் எழுதுவதை நீங்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு மொட்டை மாடியில் கூடி, படித்ததைப் பேசி, டீ குடித்துக் கலைகிற நம் பன்னிரண்டு பேரில் மிகக் குறைவாகப் பேசுகிறவள் நான்தான். ஆண்டு மலருக்கு ஆளுக்கொரு கட்டுரை, எழுத வந்த கதையைச் சொல்ல வேண்டும் என்று முடிவானபோது நான் கையைத் தூக்கவில்லை. மறுத்தும் பேசாததால் என் பேரையும் சேர்த்துவிட்டீர்கள். உங்களில் கல்லூரியில் பாடம் நடத்தியவர்கள் இருக்கிறீர்கள், வங்கியில் மேலாளராக இருந்தவர்கள் இருக்கிறீர்கள். நான் பத்தாவது வரை படித்தவள். பொம்மசந்திராவில் ஒரு தையல் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் சட்டைக் காலர்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பிசிறு இருந்தால் ஒதுக்கிவைத்தவள். பதினெட்டுச் சிறுகதை, ஒரு சின்னப் புத்தகம். இதை எழுத்து வாழ்க்கை என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது.

உடம்பும் முன்போல இல்லை. அரை மணி நேரம் குனிந்து எழுதினால் கழுத்து பிடித்துக்கொள்கிறது. போன வருடம் என் அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் இருந்தவரை இதை எழுதியிருக்க மாட்டேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது, ஆறாம் வகுப்பு. ஈஜிபுராவில் நடுவில் ஒரு குழாயும் சுற்றி எட்டு ஒற்றை அறை வீடுகளுமாக ஒரு வளாகம். இங்கே அதை வட்டாரம் என்பார்கள். அதில் வாசலுக்கு நேரே இருந்தது எங்கள் வீடு. உங்களில் சிலருக்கு அப்படிப்பட்ட வீடு தெரியும். ஒருவர் வீட்டில் கடுகு தாளித்தால் எட்டு வீட்டிலும் தும்முவார்கள். ஒருவர் வீட்டுச் சண்டைக்கு ஏழு வீட்டார் தீர்ப்புச் சொல்வார்கள்.

அப்பா மொசைக் தரைக்குப் பாலீஷ் போடுகிறவர். ஜெயநகர், இந்திராநகர் பக்கம் புதிதாகக் கட்டுகிற பங்களாக்களில் அவருக்கு வேலை. மெஷினுக்கு எட்டாத மூலைகளை மண்டியிட்டுக் கையால் தேய்ப்பார். அதற்காக லாரி டியூபை வெட்டி முழங்காலில் கட்டிக்கொள்வார். அந்த இரண்டு டியூப் துண்டுகளும் மாலையில் எங்கள் கதவுக்குப் பின்னால் தொங்கும். ஈரச் சுண்ணாம்பும் ரப்பரும் கலந்த அந்த வாசனையை நான் அதற்குப் பிறகு எங்கும் முகர்ந்ததில்லை. பாலீஷ் மருந்து பட்டுப் பட்டு அவருடைய விரல்கள் எல்லாம் வெடித்திருக்கும். சோற்றைப் பிசையும்போது குழம்பின் காரம் வெடிப்பில் இறங்கும். முகம் மட்டும் ஒரு நொடி சுருங்கும், வாய் திறக்க மாட்டார்.

பேனா பிடிக்க முடியாத விரல்கள் அவை. அதனால் அக்காவுக்கு அவர் போடுகிற கடிதங்களை நான்தான் எழுதுவேன். அக்காவுக்கு அந்த வருடம் தை மாதம் கல்யாணம் ஆகி, பத்ராவதிக்குப் போயிருந்தாள். அத்தானுக்கு அங்கே இரும்பு ஆலையில் வேலை. மாதம் ஒரு முறை அப்பா டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, வெடித்த விரல்களில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே சொல்லுவார்.

“எழுது. நாங்க சுகம். நீ சுகமா. இங்க மழை இல்ல.”

“அப்புறம்ப்பா?”

“அப்புறம் என்ன? மாடிப்படி பார்த்து எறங்கச் சொல்லு. அவ்வளவுதான். அப்பான்னு போட்டு ஒட்டு.”

நீலநிற இன்லண்ட் கடிதத்தின் மூன்று பக்கங்களில் இரண்டு வெறுமையாகவே ஒட்டப்படும். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது. இவ்வளவு இடம் வீணாகிறதே என்று இருக்கும்.

ஆடிப்பெருக்குக்கு முந்தின நாள், ஒரு பங்களாவின் ஹாலில் தண்ணீர் தேங்கிய தரையில் நின்று மெஷினை ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவை மின்சாரம் பிடித்துக்கொண்டது. மேஸ்திரி அவரை ஒரு டெம்போவில் கொண்டுவந்து இறக்கினார். அப்பாவின் முழங்காலில் அந்த டியூப் துண்டுகள் கட்டியபடியே இருந்தன. யாரோ கழற்றினார்கள். பிறகு அவை எங்கே போயின என்று தெரியவில்லை.

அக்கா அப்போது ஐந்து மாதக் கர்ப்பம். அவளுக்கு ரத்தக் கொதிப்பு இருப்பதாக அங்கே டாக்டர் சொல்லியிருந்தார். அத்தான் மட்டும் ஆலை வேலையாக ஷிமோகா போவதாக அவளிடம் பொய் சொல்லிவிட்டு வந்தார். மனைவி கர்ப்பமாக இருக்கும்போது கணவன் மயானத்துக்குப் போகக் கூடாது என்பதால் தெருமுனையிலேயே நின்றுவிட்டார். எல்லோரும் திரும்பி வந்ததும் என் பெரிய மாமாவும் அவரும் குழாயடியில் நின்று பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். பெரிய மாமா அம்மாவுக்கு அண்ணன். அத்திபெலேயில் ஒரு மர டிப்போவில் கணக்கு எழுதுகிறவர். எங்கள் குடும்பத்தில் அவர் சொல்வதுதான் சட்டம்.

“இப்ப சொன்னா ரெண்டு உசுரும் போயிடும். பிரசவம் ஆகட்டும். அது வரைக்கும் அவளுக்கு எதுவும் தெரியக் கூடாது” என்றார்.

“மாசாமாசம் அவர்கிட்டேருந்து லெட்டர் வருமே மாமா” என்றார் அத்தான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கையெழுத்து என்னுடையதுதானே.

பத்தாம் நாள் பெரிய மாமா ஓர் இன்லண்டோடு வந்தார். அப்பா உட்காரும் பெட்டியின் மேல் உட்காரப் போனவர், பாதியில் எழுந்து தரையில் உட்கார்ந்தார்.

“வழக்கமா எப்படி எழுதுவியோ அப்படியே எழுது” என்றார்.

நான் மேலே பிள்ளையார் சுழி போடப் போனேன். மூலையில் படுத்திருந்த அம்மா சட்டென்று எழுந்தாள். “தீட்டு வீட்டுல சுழி போடாதடி. சாவு வீட்டு லெட்டருக்குச் சுழி கெடையாதுன்னு தெரியாதா உனக்கு?”

“சுழி இல்லேன்னா அவ மேல பார்த்ததுமே கண்டுபிடிச்சிருவாம்மா. நீ சும்மா இரு” என்றார் பெரிய மாமா. “போடு நீ.”

போட்டேன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ‘இவ்விடம் நாங்கள் அனைவரும்’ என்பது வரை எழுதி எனக்குக் கை நின்றுவிட்டது.

“சுகம்னு எழுது. எழுதுடி கண்ணு. நீ சுகம்னு எழுதினாத்தான் அங்க அவ சுகமா இருப்பா.”

எழுதினேன். மழை இல்லை என்று எழுதினேன். அன்று வெளியே நல்ல மழை.

அம்மா ஊதுபத்தி உருட்டப் போனது அதற்குப் பிறகுதான். ஒரு பலகை, ஒரு குண்டான் கரிப்பிசின், கட்டுக்கட்டாக மூங்கில் குச்சி. வட்டாரத்தில் நான்கு பெண்கள் அந்த வேலைதான் செய்தார்கள். அம்மாவின் கை இரண்டும் மணிக்கட்டு வரை கறுத்துப்போயின. வீட்டில் எதைத் தொட்டாலும் கறுப்புக் கட்டைவிரல் ரேகை. கடிதம் எழுதும்போது மட்டும் நான் பலகையிலிருந்து தள்ளி, வாசற்படியில் போய் உட்காருவேன். கரி பட்டால் அக்கா விசாரிப்பாளே என்று பயம். பயந்தபடியே ஆயிற்று. அவளுடைய அடுத்த கடிதத்தில், ‘அப்பா, உங்க லெட்டரைப் பிரிச்சாலே ஊதுபத்தி வாசனை வருது. அம்மா எனக்காக தினமும் பூஜை பண்றாங்களா?’ என்று கேட்டிருந்தாள். நான் படித்துக் காட்டினேன். அம்மா குச்சியை உருட்டிக்கொண்டே, “ஆமான்னு எழுது” என்றாள்.

ஆவணி மாதம் ஒரு நாள் பத்ராவதியிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர், அவருக்கு நடந்தது எதுவும் தெரியாது. பெங்களூர் ஆஸ்பத்திரிக்குக் கண்ணைக் காட்ட வந்தவரிடம் அக்கா ஒரு பாட்டில் கொடுத்துவிட்டிருந்தாள். அவர் வாசலில் அப்பாவின் பேரைச் சொல்லி விசாரிப்பது கேட்டதும், நெற்றியும் கழுத்தும் வெறுமையாக இருந்த அம்மா பொதுக் குளியலறைக்குள் ஓடித் தாழ் போட்டுக்கொண்டாள். எங்களைக் காப்பாற்றியது எட்டு வீட்டுக்கும் சொந்தக்காரரான வீட்டுக்காரம்மா. கன்னடக்காரர், எங்களோடு பேசிப் பேசி ஒரு மாதிரித் தமிழ் வைத்திருந்தார்.

“அவரு கெலசத்துக்குப் போயிட்டாரு. அந்தம்மா கோயில்ல இருக்கா. நீங்க குடுங்க, நான் ஹேள்தீனி, சொல்லிடறேன்” என்று பாட்டிலை வாங்கிக்கொண்டு, வந்தவருக்கு மோர் கொடுத்து வாசல் வரை கொண்டுபோய்விட்டு வந்தார். பிறகு குளியலறைக் கதவைத் தட்டி, “வெளிய வாம்மா. உன் பொண்ணால எனக்கு நரகம்தான், தேவருக்கு முன்னாடி எத்தனை சுள்ளு, எத்தனை பொய் சொன்னேன்னு லெக்கமே இல்ல” என்றார்.

பாட்டிலில் மலைநாட்டு வெல்லப்பாகு. தேன் மாதிரி தளதளவென்று இருக்கும். அப்பாவுக்கு இருமல் என்று எப்போதோ எழுதியிருந்ததை நினைவு வைத்து அனுப்பியிருந்தாள். அதற்குப் பதில் எழுத வேண்டும். பெரிய மாமாவுக்கு அன்று டிப்போவில் வேலை. “கெடச்சுதுன்னு நீயே எழுதிடு” என்று சொல்லியனுப்பிவிட்டார்.

கிடைத்தது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. முதலில் தின்று பார்த்தேன். ஆறிப்போன தோசையில் ஊற்றி, மடித்து, விரலிடுக்கில் வழிந்ததை நக்கினேன். கொஞ்சம் புகை வாசனை இருந்தது, அடியில் சிறு உப்பு. தொண்டையில் இறங்கும்போது லேசான சூடு. எல்லாவற்றையும் எழுதினேன். ‘மகளே, விரலில் வெடிப்பு இருப்பதால் ஸ்பூனில்தான் எடுத்துச் சாப்பிட்டேன். இரவு இருமல் வரவில்லை’ என்று எழுதினேன். தின்றது நான், ருசித்தது அப்பா. எழுதிமுடித்த பிறகு அவர் நிஜமாகவே அந்தப் பெட்டியின் மேல் உட்கார்ந்து கிண்ணத்தை வழித்துக்கொண்டிருப்பது போல இருந்தது. நான் எழுத வந்தது எப்படி என்று கேட்டீர்கள் அல்லவா? அந்த தோசையில்தான் என்று நினைக்கிறேன். இதை மலரில் போடலாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஏழாம் மாதம் வந்தது. வளைகாப்பு நடத்தி, தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்து வரவேண்டிய மாதம். வந்தால் அம்மாவின் நெற்றியைப் பார்ப்பாள். வராமல் தடுக்க ஒரு காரணம் வேண்டும்.

“சின்னவளுக்கு அம்மை போட்டிருக்குன்னு எழுது. அம்மை வீட்டுக்குப் புள்ளத்தாச்சி வரமாட்டா” என்றார் பெரிய மாமா.

“ஆத்தா பேரச் சொல்லிப் பொய் வேணாண்ணா. நெஜமாவே வந்து எறங்கிடுவா.”

“ஆத்தாவுக்குத் தெரியாதா, எதுக்குச் சொல்றோம்னு?”

அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. மூன்று வாரம் தினமும் காலையில் என் சட்டையைத் தூக்கி முதுகிலும் வயிற்றிலும் கொப்புளம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். கறுப்பு ரேகையோடுதான் நான் பள்ளிக்கூடம் போவேன். வீட்டுக்காரம்மா குழாயடியிலிருந்து, “ஏனம்மா, சந்தையில கோழி வாங்கற மாதிரி டெய்லி தடவறே? வெய்ட் ஏறிச்சா?” என்று கேலி செய்வார்.

மூன்று வாரத்தில் அம்மை இறங்கிவிடும் என்பது அக்காவுக்கும் தெரியும். காத்திருந்துவிட்டு அவள் எழுதிய கடிதம் இரண்டே பத்தி. ‘இங்க எல்லாப் பொண்ணுங்களுக்கும் அம்மா வீட்டிலேருந்து வளையல் வந்தது. எனக்கு மாமியார் போட்டாங்க. எல்லாரும் பார்த்தாங்க. நான் வந்தா உங்களுக்குச் செலவுன்னு நினைச்சா அதைச் சொல்லிடுங்கப்பா. அம்மை கிம்மைன்னு வேணாம். நான் வரல.’

படித்து முடித்தேன். அம்மா உருட்டுவதை நிறுத்தவில்லை. கறுப்புக் கையால் முகத்தைத் துடைக்க முடியாமல், தோளால் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டாள்.

அன்று யாரையும் கேட்காமல் நான் எழுதினேன். இன்லண்டின் மூன்று பக்கமும், ஒட்டுகிற மடிப்பின் உள்பக்கமும் நிறைந்தன. அக்கா சின்னவளாக இருந்தபோது அப்பா அவளை வேலை செய்த பங்களா ஒன்றுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். ஒரு கோணிச் சாக்கில் உட்காரவைத்துப் புதுத் தரையில் சர்ரென்று இழுத்திருக்கிறார். அக்கா என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். அதைத்தான் அப்பா சொல்வது போல எழுதினேன். ‘அந்தத் தரையில் குனிந்து உன் முகத்தைப் பார்த்துச் சிரித்தாய். இன்றும் எந்தத் தரையைத் தேய்த்தாலும் ஒரு குழந்தை முகம் தெரிகிற மாதிரி வரும்வரை தேய்க்கிறேன். உன்னை வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன்? வர முடியாதபடி ஒரு காரணம் இருக்கிறது. பிறகு சொல்கிறேன். அப்பாவை நம்பு.’

ஒட்டுவதற்கு முன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

“இப்படிச் சொன்னாராடி அவரு? எப்ப?”

“இல்லம்மா. நானாத்தான்.”

அம்மா பலகையைத் தள்ளிவைத்தாள். “இன்னொரு வாட்டி படி” என்றாள். படித்தேன். “என்னைப் பத்தி ஒண்ணும் சொல்லலியா?” என்றாள்.

நான் மடிப்பில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினேன். ‘உன் அம்மா இளைத்துவிட்டாள். இத்தனை வருடம் நான்தான் அவளைச் சரியாகக் கவனிக்கவில்லை.’ படித்துவிட்டு, அடித்துவிடட்டுமா என்று கேட்டேன்.

“இருக்கட்டும்” என்றாள் அம்மா.

அதன் பிறகு மாதம் ஒன்று என்ற கணக்குப் போய்விட்டது. அவள் கடிதம் வந்ததுமே பதில் போயிற்று. அக்காவின் கோபமும் போயிற்று. ‘அப்பா, நீங்க இவ்வளவு பேசுவீங்கன்னு எனக்குத் தெரியாம போச்சே. வீட்டுல இருந்தப்ப ஏன்பா பேசல?’ என்று கேட்டாள். அவள் கேட்பதும் நான் பதில் சொல்வதுமாக, இறந்த மனிதர் எங்கள் வீட்டில் முன்னைவிட அதிகமாகப் பேசிக்கொண்டிருந்தார். என் கதைகளில் அப்பாக்கள் நிறையப் பேசுகிறார்கள், நம் ஊர் அப்பாக்கள் இப்படிப் பேசுவதில்லையே என்று உங்களில் ஒருவர் ஒருமுறை சொன்னீர்கள். நான் அன்று தலையைக் குனிந்துகொண்டேன். சரியான விமர்சனம்தான்.

இந்த வயதில் யோசித்தால் பெரிய மாமாவின் மேல் கோபம் வருவதில்லை, அலுப்புதான் வருகிறது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார் என்று அக்கா எழுதியிருந்தாள். சாவுச் செய்தியையும் மறைக்கச் சொன்னாரா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. அவரவர் பயத்துக்கு டாக்டர் பேரைச் சொல்லிக்கொண்டார்கள். அக்கா பத்தொன்பது வயதில் எங்கள் எல்லோரையும்விட உறுதியானவள். அழ வேண்டிய நேரத்தில் அழவிட்டிருந்தால் அழுதுவிட்டு எழுந்திருப்பாள்.

கார்த்திகையில் தந்தி வந்தது. தந்திக்காரர் அப்பாவின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார், அம்மா “ஆமா” என்று வாங்கினாள். பெண் குழந்தை, இருவரும் நலம். இனிச் சொல்லிவிடலாம் என்று நான் நினைத்தேன். பெரிய மாமா மறுத்தார். “பச்ச ஒடம்பு. இப்ப சொன்னா பால் வத்திடும். மூணு மாசம் போகட்டும்.” அம்மாவும் ஆமாம் என்றாள். பால் விஷயத்தில் யார் எதிர்த்துப் பேசுவார்கள்?

அந்த மூன்று மாதத்தில்தான் அக்கா அதைக் கேட்டாள். ‘அப்பா, பேரு நீங்கதான் சொல்லணும். நீங்க என்ன சொன்னாலும் அதுதான்.’

ஒரு வாரம் நான் எழுதவில்லை. அப்பாவுக்கு என்ன பேர் பிடிக்கும் என்று யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை. கடைசியில் என் வகுப்பில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்ணின் பேரை எழுதினேன். அவளுடைய அப்பா தினமும் மாலை நான்கு மணிக்கு ஸ்கூட்டரில் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போவார். அந்தப் பேரை இங்கே சொல்லவில்லை. அந்தக் குழந்தைக்கு இப்போது நாற்பது வயதாகிறது, கல்லூரிக்குப் போகிற மகன் இருக்கிறான். கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், தமிழ் பேசுவாள், படிக்க வராது. அந்த தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

பத்ராவதியில் குழந்தையின் காதில் மூன்று முறை அந்தப் பேரைச் சொன்னார்கள். ‘உங்க அப்பா ரசனைக்காரர்னு மாமியார் சொன்னாங்க’ என்று அக்கா எழுதினாள்.

மாசி மாதம் ஒரு பிற்பகல் அவர்கள் வந்தார்கள். ரயிலில் வரும்போது சொல்லிவிடுவதாக அத்தான் பொறுப்பெடுத்திருந்தார். “ஒவ்வொரு ஸ்டேஷனா தள்ளிப்போட்டுட்டேன்” என்று பிறகு சொன்னார். அவர் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றார். அக்கா குழந்தையோடு உள்ளே வந்தாள். முதலில் என்னைத்தான் பார்த்தாள்.

“எங்கடி அம்மைத் தழும்பு? ஒண்ணையும் காணோம். ஆத்தா சும்மா எட்டிப் பார்த்துட்டுப் போயிட்டாளா?” என்று சிரித்துக்கொண்டே என் கன்னத்தைக் கிள்ளினாள்.

அம்மா பலகையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்க முடியாமல், கறுத்த இரண்டு கைகளையும் மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். “கையைக் கழுவிட்டு வாங்கேம்மா, பேத்தியை” என்று குழந்தையை நீட்டிய அக்கா அப்போதுதான் அம்மாவின் நெற்றியைப் பார்த்தாள். பிறகு கழுத்தை. பிறகு சுவரை.

சுவரில் அப்பாவின் படம் மாலையோடு இருந்தது. அவரைத் தனியாக எடுத்த படம் எதுவும் எங்களிடம் இல்லை. அக்காவின் கல்யாண குரூப் போட்டோவிலிருந்து வெட்டிப் பெரிதாக்கியது அது. ஓரத்தில் அக்காவின் தோளும் கூறைப் புடவையின் ஒரு மடிப்பும் வெட்டுப்படாமல் நின்றுவிட்டிருந்தன. அக்கா தன்னுடைய தோளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எப்போ?”

“ஆடில” என்றாள் அம்மா. “பெருக்குக்கு மொத நாள்.”

அக்கா கத்தி அழுவாள் என்று மற்ற ஏழு வீட்டுக் கதவுகளிலும் பெண்கள் வந்து நின்றார்கள். அவள் அழவில்லை. வீட்டுக்காரம்மா மட்டும் பக்கத்தில் வந்து, “அழு புட்டி, அழு கண்ணு, அழுதுடு. உள்ள வெச்சுக்கக் கூடாது” என்று முதுகைத் தடவினார். அக்கா குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு, கைப்பைக்குள்ளிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்தாள். உள்ளே எல்லா இன்லண்டுகளும் இருந்தன. என் முன்னால் தரையில் வைத்தாள்.

“பிரி.”

“அக்கா...”

“அவர் சொல்லி எழுதினது தனியா வை. மத்தது தனியா வை.”

நான் பிரித்தேன். ஒரு பக்கம் ஐந்து, மறுபக்கம் ஒன்பது. ஐந்தில் ஒன்றை எடுத்து அவள் வாய்விட்டுப் படித்தாள். “இங்கு மழை இல்லை. மாடிப்படி பார்த்து இறங்கு. அப்பா.” அதையே மறுபடி படித்தாள். “இது எங்கப்பா” என்றாள். ஐந்தையும் துணியில் முடிந்துகொண்டாள். ஒன்பதை என் பக்கம் தள்ளினாள். “இத நீ வச்சுக்க. உன்னுதுதானே.”

இதுவரை என் எழுத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அதற்கு மேல் வலித்ததில்லை.

பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினாள். “பேரு? பேரும் இவதானா?”

எனக்கு முன்னால் அம்மா பேசிவிட்டாள். “பேரு அவரு சொன்னது. உன்னை ரயிலேத்திட்டு வந்த அன்னிக்கே சொன்னாரு. மொத பேத்தி பொறந்தா இந்தப் பேருதான்னு.” அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

அக்கா குழந்தையை வாங்கி என் மடியில் வைத்தாள். என் வலது கையை எடுத்து அதன் தலைமேல் வைத்தாள். “கொழந்த தலை மேல கை வச்சுச் சொல்லு. யாரு வச்ச பேரு?”

தலையில் பொய்ச் சத்தியம் செய்தால் அந்தக் குழந்தைக்கு ஆகாது என்பது உங்களுக்கும் தெரியும், பதினொரு வயதில் எனக்கும் தெரியும். என் உள்ளங்கைக்கு அடியில் உச்சிக்குழி துடித்துக்கொண்டிருந்தது. வெதுவெதுப்பாக, எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். ஏழு மாதத்தில் அவளுக்கென்று நாங்கள் மிச்சம் வைத்திருந்தது இந்த ஒன்றுதான்.

“அப்பாதான் சொன்னாரு” என்றேன்.

அதற்குப் பிறகுதான் அக்கா அழுதாள். அவள் அழுது முடிக்கும்வரை அம்மா கை கழுவப் போகவில்லை.

அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் என்று கேட்டாலும், தேர்வில் தவறினாள் என்று கேட்டாலும், முதல் பிரசவத்தில் கஷ்டப்பட்டாள் என்று கேட்டாலும் நாற்பது வருடமாக என் கைதான் எனக்கு முதலில் ஞாபகம் வரும். அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனாலும் அப்படி வரும்.

மறுநாள் காலை அக்கா குழந்தைக்குத் தடுப்பூசி போட அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அட்டையில் எழுத நர்ஸ் பேர் கேட்டபோது அந்தப் பேரைச் சொல்லி, எங்கப்பா வைத்தது என்றாளாம். கூடப் போன வீட்டுக்காரம்மா வந்து சொன்னார். எனக்கு அன்று சமூக அறிவியல் பரீட்சை இருந்தது. எழுதப் போய்விட்டேன்.